புகையும் மனமும்

1882-ஆம் ஆண்டு. கொல்கத்தாவுக்கு வடக்கே, கங்கைக் கரையிலுள்ள தட்சிணேசுவரக் கோயிலுக்குப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் முதன்முறையாக வந்தார். சில நாட்களில் மீண்டும் வந்தார், மறுபடியும் வந்தார். பின்னாளில் 'ம' என்ற ஓரெழுத்துப் பெயரில் ஸ்ரீராமகிருஷ்ணரின் உரையாடல்களை உலகுக்குத் தந்த மகேந்திரநாத குப்தர் அவர். அவர் திரும்பவும் வந்து நிற்பதைக் கண்ட ஸ்ரீராமகிருஷ்ணர், அருகிலிருந்த இளைஞர்களிடம் சிரித்துக்கொண்டே ஓர் உவமை சொன்னார். மயில் ஒன்றுக்கு ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு யாரோ அபினி கொடுத்தார்கள். மறுநாள் சரியாக நான்கு மணிக்கு அந்த மயில் திரும்பி வந்து நின்றது என்பதே அந்த உவமை.

வேடிக்கையாகச் சொல்லப்பட்ட சிறு கதைதான். ஆயினும் பழக்கத்தின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. ஓர் இன்ப அனுபவம், அது கிடைத்த வேளை, கிடைத்த இடம், அதைப் பற்றிய நினைவு ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்துவிட்டால் கால்கள் தாமாகவே நடக்கத் தொடங்குகின்றன. மயிலை அழைத்து வந்தது வேளை. புகைபிடிக்கும் மனிதனையோ பெரும்பாலும் அவனது உணர்ச்சியே அழைத்து வருகிறது. அது எப்படி நிகழ்கிறது, அதிலிருந்து விடுபடும் வழி எங்கே தொடங்குகிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

ஹுக்கா சொன்ன சேதி

பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கொல்கத்தாவில் விருந்தினரை வரவேற்கும் முறைகளுள் ஹுக்கா முக்கியமானது. சிம்லா பகுதியில் வாழ்ந்த வழக்கறிஞர் விசுவநாத தத்தரின் வீட்டிலும் அது இருந்தது. அவரை நாடி வந்த கட்சிக்காரர்கள் பல சாதியினர். ஆகவே ஒவ்வொரு சாதிக்கும் தனித்தனி ஹுக்கா வைக்கப்பட்டிருந்தது. சாதி போய்விடும் என்கிறார்களே, அது எப்படிப் போகிறது என்று பார்த்துவிட, அவருடைய மகன் நரேந்திரன் ஒரு நாள் எல்லா ஹுக்காக்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். சுவாமி விவேகானந்தரின் இளமைக் காலத்தைப் பற்றி அனைவரும் அறிந்த நிகழ்ச்சி இது.

இந்த நிகழ்ச்சி சாதியின் பொய்ம்மையைக் காட்டுவதாகவே வழக்கமாகக் கூறப்படுகிறது. அதில் வேறோர் உண்மையும் உண்டு. அந்த ஹுக்காக்களில் புகையிலையோடு 'இவன் நம்மவன்' என்ற உணர்வும் சேர்ந்தே புகைந்துகொண்டிருந்தது. வட இந்தியக் கிராமங்களில் ஒருவரை ஊர்விலக்கம் செய்வதற்கு 'ஹுக்கா-பானி'யை நிறுத்துதல் என்றே பெயர். புகையைப் பகிர்ந்துகொள்பவன் உறவினன்; அது மறுக்கப்பட்டவன் அந்நியன்.

பின்னர் ஹுக்காவின் இடத்திற்குச் சிகரெட் வந்தது. 1910-ஆம் ஆண்டு இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தொடங்கப்பட்டதும் இதே கொல்கத்தாவில்தான். வடிவம் மாறியதே தவிர, உள்ளே இருந்த உணர்வு மாறவில்லை. நட்பு, ஆண்மை, தனிமையின் கம்பீரம், தம்பதியரின் அன்பு என்று ஏதேனும் ஓர் உணர்ச்சியையே சிகரெட் விளம்பரங்கள் விற்றுவந்தன. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகைய விளம்பரங்களைத் தடை செய்தது. சுவரொட்டிகள் மறைந்தன, மனத்தில் ஏற்கெனவே ஒட்டப்பட்டவை அவ்வளவு எளிதில் மறைவதில்லை.

கொல்கத்தாவின் தெருவோரக் கடைகள் சிலவற்றில் ஒரு கயிறு தொங்குவதைக் காணலாம். அதன் முனையில் கனல் எப்போதும் கனன்றுகொண்டே இருக்கும். சிகரெட் வாங்குபவர் அதிலே பற்றவைத்துக்கொண்டு செல்வார். அங்கு வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் அலுவலகத்தில் மேலதிகாரி கடிந்துகொண்டார். பிற்பகலில் ஊரிலிருந்து வந்த தொலைபேசிச் செய்தி கவலை தந்தது. மாலையில் வீடு திரும்ப மனமில்லை. மூன்று முறை அவர் அந்தக் கயிற்றின் அருகே வந்து நின்றார். மூன்று முறையும் அவர் தேடியது புகையிலையையா, அல்லது கலங்கிய மனத்திற்கு ஒரு சிறு இடைவேளையையா?

துயரத்தின் தனி இடம்

மனம் நொந்தால் புகைபிடிக்கிறார்கள் என்பது புதிய செய்தியன்று. ஆனால் எல்லா வேதனைகளும் ஒரே அளவில் புகையை நாடச் செய்கின்றனவா? ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லஸ் டோரிசன், ஜெனிஃபர் லெர்னர் முதலிய ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியை எழுப்பினர். அவர்களது ஆய்வு 2020-இல் வெளிவந்தது.

அமெரிக்காவில் 10,685 பேரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஒரு கணக்கெடுப்பை அவர்கள் முதலில் ஆராய்ந்தார்கள். துயரம் மிகுந்தவர்களே புகைபிடிப்பவர்களாக இருக்கும் வாய்ப்பும், விட்டபின் மீண்டும் பழக்கத்திற்குத் திரும்பும் வாய்ப்பும் அதிகமாக இருந்தன. மற்ற வேதனை உணர்ச்சிகளுக்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. பிறகு சோதனைகள் நடத்தினார்கள். புகைபிடிப்பவர்களுள் சிலருக்கு இழப்பைச் சித்திரிக்கும் சோகமான காட்சியும், சிலருக்கு அருவருப்பூட்டும் காட்சியும், சிலருக்கு எந்த உணர்ச்சியையும் எழுப்பாத காட்சியும் காட்டப்பட்டன. சோகக் காட்சியைக் கண்டவர்களிடமே புகைக்கும் வேட்கை மிகுந்து எழுந்தது. மற்றொரு சோதனையில், துயரத்திற்கு ஆட்பட்டவர்கள் புகையை அதிக அளவில் உள்ளிழுத்ததும் கருவிகளால் அளந்து அறியப்பட்டது.

ஏன் துயரத்திற்கு மட்டும் இந்தத் தனி வலிமை? துயரம் என்பது இழப்பின் உணர்வு. எதையோ இழந்த மனம் அந்த வெற்றிடத்தை உடனே நிரப்பிக்கொள்ள விரும்புகிறது. பொறுத்திருந்து பெறும் பெரிய நன்மையைவிட, இப்போதே கிடைக்கும் சிறிய ஆறுதல் அதற்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அருவருப்பு விலகச் சொல்கிறது. துயரமோ எதையாவது பற்றிக்கொள்ளச் சொல்கிறது. அந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே பற்றுக்கோடாகிவிடுகிறது.

ஆறுதலா, கடனா?

'புகைபிடித்ததும் மனம் லேசாகிறது' என்று புகைபிடிப்பவர் சொல்வது பொய்யன்று. உள்ளிழுத்த புகையிலுள்ள நிகோடின் ஏறக்குறைய பத்து முதல் இருபது நொடிகளில் மூளையை அடைகிறது; அங்கே டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. ஓர் இதமும் சிறு கிளர்ச்சியும் தோன்றுகின்றன. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. இரத்தத்திலுள்ள நிகோடின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அப்போது எரிச்சல், படபடப்பு, மனச்சோர்வு, கவனச்சிதறல் ஆகியவை தலையெடுக்கின்றன. அடுத்த சிகரெட் அவற்றைத் தணிக்கிறது. முந்தைய சிகரெட் விட்டுச் சென்ற வேதனையையே பெரிதும் அடுத்த சிகரெட் ஆற்றுகிறது. வட்டிக்காரனிடம் கடன் வாங்கி வட்டி கட்டுபவன், அந்த ஒரு நாள் நிம்மதியை வட்டிக்காரனின் கருணை என்று எண்ணுவது போன்றதே இது.

இதற்கு வலுவான சான்று உண்டு. 2014-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று, முன்பு நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. புகைப்பதை விட்டவர்களின் கவலை, மனச்சோர்வு, மன அழுத்தம் ஆகியவை, விடாதவர்களோடு ஒப்பிடும்போது குறைந்தே இருந்தன. முதல் சில வாரங்கள் கடினமானவை. அவற்றைக் கடந்தபின் மனம் முன்னைவிட அமைதி பெறுகிறது. புகை அமைதியைத் தருகிறது என்று நம்புபவர், தாம் இழந்துகொண்டிருப்பதும் அதே அமைதியைத்தான் என்பதை அறிவதில்லை.

அறிவு மட்டும் போதுமா?

அப்படியானால் இந்த உண்மையை எடுத்துச் சொன்னால் போதாதா? மனிதன் விட்டுவிட மாட்டானா? இதற்கு விடை தரும் ஒரு வாழ்க்கை உண்டு. அதற்குக் கொல்கத்தாவோடு தொடர்பும் உண்டு.

1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைக் கொல்கத்தாவில் நிறுவியவர் மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ். வியன்னாவிலிருந்த சிக்மண்ட் ஃபிராய்டோடு அவர் பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். 1931-இல் ஃபிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்த நாளையொட்டி இங்கிருந்து தந்தத்தாலான விஷ்ணு சிலை ஒன்று அனுப்பப்பட்டது. அதை ஃபிராய்ட் தமது மேசையின்மீது வைத்துக்கொண்டார். அந்த மேசையில் சுருட்டும் இருந்தது. நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபது சுருட்டுகள் புகைத்தவர் அவர். 1894-இல் இதயக் கோளாறு காரணமாக நண்பரான மருத்துவர் ஃபிளீஸ் தடுத்தபோது விட்டுப் பார்த்தார்; அதனால் வந்த மனச்சோர்வைத் தாங்க இயலாமல் மீண்டும் தொடங்கினார். 1923-இல் வாயில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகும் பழக்கம் விடவில்லை. 1939 செப்டம்பரில் லண்டனில் காலமானார்.

மனித உணர்ச்சிகளின் மறைவிடங்களை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவரின் நிலை இது. இதைக் குறை கூறுவதற்காக நினைவுகூர வேண்டியதில்லை. ஒன்றை அறிவது வேறு, அந்த அறிவில் நிலைபெறுவது வேறு என்பதற்கு இது சான்று. நமது சாஸ்திரங்கள் சிரவணத்தோடு நிற்காமல் மனனம், நிதித்தியாசனம் என்று மேலும் இரண்டு படிகளை வைத்ததற்குக் காரணமும் இதுவே.

கிரீந்திரசேகர் போஸ் தமக்கென ஒரு கொள்கையையும் வகுத்திருந்தார். மனத்தில் எழும் ஒவ்வொரு விருப்பத்திற்கும் எதிரான விருப்பம் ஒன்று உள்ளே மறைந்திருக்கிறது. இரண்டையும் விழிப்புணர்வின் ஒளியில் கொண்டுவரும்போதுதான் போராட்டம் தீர்கிறது என்பது அதன் சாரம். யோக சூத்திரங்களையும் கீதையையும் ஆழ்ந்து கற்றவர் அவர். புகைபிடிப்பவரின் நிலைக்கு இந்தக் கொள்கை மிகவும் பொருந்தும். இந்தியாவில் 2016-17-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், பதினைந்து வயதுக்கு மேற்பட்டோருள் 10.7 விழுக்காட்டினர் புகைபிடிப்பவர்கள் என்று தெரியவந்தது. அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் விட்டுவிட எண்ணியிருந்தார்கள்! 'வேண்டும்' என்பதும் 'வேண்டாம்' என்பதும் ஒரே நெஞ்சில் குடியிருக்கின்றன. 'வேண்டாம்' என்ற குரலைப் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருப்பதற்கு வலிமை சேர்த்தால் போதும்.

ஓர் ஐயம்

இங்கே வாசகர் மனத்தில் நியாயமான ஓர் ஐயம் எழலாம். தட்சிணேசுவரத்து அறையிலும் ஹுக்கா இருந்ததே. சுவாமி விவேகானந்தரும் புகைத்தாரே? உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வலுவாக நிறுவிய ஆய்வுகள் 1950-இல்தான் வெளிவந்தன. அதற்கு அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்பு வங்காளத்தில் ஹுக்கா தாம்பூலத்தைப் போன்ற ஓர் உபசாரமாகவே கருதப்பட்டது.

மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்ரீராமகிருஷ்ணரின் மனம் சமாதியில் ஆழ்ந்துவிடும் இயல்புடையது. அதை உலகத் தளத்திற்கு இறக்கிவர, 'தண்ணீர் குடிப்பேன்', 'புகைபிடிப்பேன்' என்பன போன்ற சிறு விருப்பங்களை அவர் வைத்துக்கொண்டார் என்று அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது. நம்மவர் நிலையோ நேர்மாறானது. நம் மனம் கீழேதான் இருக்கிறது. அங்கே படும் வேதனையை மறக்கவே புகையைத் தேடுகிறோம். இன்று கிடைத்துள்ள அறிவை ஒதுக்கிவிட்டு மகான்களின் ஹுக்காவைத் துணைக்கு அழைப்பது அவர்களைப் பின்பற்றுவதாகாது.

வாசனையும் பயிற்சியும்

பூண்டை அரைத்து வைத்த கிண்ணத்தை எத்தனை முறை கழுவினாலும் அதன் மணம் போவதில்லை என்பது ஸ்ரீராமகிருஷ்ணர் கையாண்ட மற்றோர் உவமை. செயல் முடிந்தபின்னும் மனத்தில் தங்கும் இந்த மணத்தையே வேதாந்தம் 'வாசனை' என்கிறது. புகைபிடித்தவரின் விரலில் மணம் தங்குவதுபோல, துயரம் வந்தால் புகை என்ற இணைப்பும் சித்தத்தில் தங்கிவிடுகிறது. சிகரெட் பெட்டியைத் தூக்கி எறிவது எளிது. இந்த இணைப்பை அவிழ்ப்பதற்கோ பயிற்சி தேவை.

முதற்படி, கவனித்தல். வேட்கை எழுந்தவுடன் அந்த வேளையையும் அப்போதிருந்த உணர்ச்சியையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும். கோபமா, தனிமையா, களைப்பா, இழப்பின் வலியா? பெயரிடப்படாத உணர்ச்சி நம்மை ஆள்கிறது. பெயரிட்ட கணத்திலேயே அதற்கும் நமக்கும் இடையில் ஒரு சிறு தூரம் உண்டாகிறது. சாட்சியாக நிற்றல் என்று பெரியோர் கூறுவதன் தொடக்கம் இதுவே.

இரண்டாம் படி, பொறுத்தல். வேட்கை அலை போன்றது. எழுந்து, உச்சத்தை அடைந்து, பொதுவாகச் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதோடு போரிடவும் வேண்டாம், அதற்குப் பணியவும் வேண்டாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 88 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இவ்வாறு வேட்கையைக் கவனிக்கப் பயின்றவர்களுள் 31 விழுக்காட்டினர் பதினேழாம் வாரத்திலும் புகைக்காமல் இருந்தார்கள். வழக்கமான பயிற்சி பெற்றவர்களுள் அவ்வாறு இருந்தோர் 6 விழுக்காட்டினரே. பின்னர் பல ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கியவர்கள், இம்முறை மற்ற முறைகளைவிட மேலானது என்று உறுதியாகக் கூற இயலாது என்றார்கள். ஆகவே இது மந்திரக்கோல் அன்று. நல்ல துணைகளுள் ஒன்று.

மூன்றாம் படி, மாற்றுப் பற்றுக்கோடு. துயரம் எதையாவது பற்றிக்கொள்ளச் சொல்லும் என்று கண்டோம். அதன் கையை வெறுமையாக விட்டால் பழையதையே அது பற்றும். ஒரு குவளை நீர், சிறு நடை, நிதானமாகச் சில மூச்சுகள், மனத்திற்குப் பிடித்த திருநாமம், மனம்விட்டுப் பேச ஒரு நண்பர் என ஏதேனும் ஒன்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். பதஞ்சலி முனிவர் கூறும் 'பிரதிபட்ச பாவனை'யை, அதாவது தீய எண்ணம் எழும்போது அதற்கு எதிரான நல்லெண்ணத்தை வளர்க்கும் பயிற்சியை, இந்தச் செயல்களின் துணையோடு தொடங்கலாம்.

நான்காம் படி, உதவியை நாடுதல். நிகோடின் உடலையும் பற்றுவதால், மன உறுதி மட்டும் சிலருக்குப் போதாமல் போகலாம். நிகோடின் மெல்லுபசை முதலியவற்றையும் மருந்துகளையும் மருத்துவர் ஆலோசனைப்படி பயன்படுத்துவதில் இழிவில்லை. 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தேசிய ஆலோசனைச் சேவையும் உள்ளது. துயரம் வாரக்கணக்கில் நீங்காமல் இருந்தால், புகையை மறந்துவிட்டு முதலில் அந்தத் துயரத்திற்கே சிகிச்சை தேட வேண்டும்.

வீட்டாரின் கடமை

இதுவரை கண்டதிலிருந்து குடும்பத்தினர் அறிய வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தந்தையோ மகனோ புகைபிடிப்பதை அறிந்ததும் பலர் கையாளும் ஆயுதம் பழிப்பு. பிள்ளைகள் எதிரே அவமானப்படுத்துகிறார்கள். 'உன்னால் முடியாது' என்று இகழ்கிறார்கள். விட்டவர் ஒரு முறை தவறினால் 'எனக்கு அப்போதே தெரியும்' என்கிறார்கள். சொல்பவரின் நோக்கம் நன்மையே. விளைவு என்ன? கேட்பவர் தலைகுனிகிறார், தனிமைப்படுகிறார், துயரம் அடைகிறார். எந்த உணர்ச்சி புகையை நோக்கி இழுக்கிறதோ, அதே உணர்ச்சியை அன்புடையவர்களே ஊட்டிவிடுகிறார்கள். வீட்டிலே பற்றவைக்கப்பட்ட கனல் தெருவோரக் கயிற்று முனைக்கு அவரை அனுப்பிவைக்கிறது.

பழக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. பிறர் மூச்சையும் கெடுக்கும் புகைக்கு வீட்டில் இடமில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். அத்தோடு 'இன்று என்ன நேர்ந்தது?' என்றும் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வி சிகரெட் செய்த வேலையை அதைவிட நன்றாகச் செய்யும். தவறி விழுந்தவருக்குத் தேவை, எந்த வேளையில், எந்த உணர்ச்சியில் விழுந்தோம் என்று ஆராய்வதற்கான துணிவு. பலருக்கு ஒரே முயற்சியில் விடுதலை கிட்டுவதில்லை. ஒவ்வொரு முயற்சியும் அடுத்ததற்கு ஒரு பாடம்.

மீண்டும் அந்த மயிலிடம் வருவோம். ஸ்ரீராமகிருஷ்ணர் அந்த உவமையைச் சொன்னது யாரையும் இழித்துரைப்பதற்காக அன்று. 'ம' தட்சிணேசுவரத்தைத் தேடி வந்ததைக் கண்டு மகிழ்ந்து சொன்னார். அந்நாட்களில் குடும்பத் துயரத்தால் மிகவும் மனம் உடைந்திருந்தவர் அந்த ஆசிரியர். துயரம் பற்றிக்கொள்ள ஏதோ ஒன்றைத் தேடியது; அது நல்ல இடத்தில் நல்லதொன்றைக் கண்டுகொண்டது. வேளையும் இடமும் இனிய நினைவும் ஒன்றுசேர்ந்தால் கால்கள் தாமே நடக்கும் என்ற அதே விதி, தீமைக்கு இழுப்பதைப் போலவே நன்மைக்கும் இழுக்கும். நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே இடத்தில், சிறிது நேரம் அமைதியாக அமர்வதை மனத்திற்குப் பழக்கினால், ஒரு நாள் அந்த வேளை வரும்போது மனம் தானாகவே வந்து அங்கே நிற்கும்.